உப்புக்குப் பக்கத்தில் நன்னீர்

பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக ஏறி இறங்கும் தம்பதிகளிடம் கெடாக்காரர்கள் ஓர் ஏரியையும் சொல்லி அனுப்புவதுண்டு. லங்காவியின் குவா படகுத்துறைக்குத் தெற்கே, டாயாங் புந்திங் தீவில் இருக்கிறது அது. டாயாங் புந்திங் என்றால் கர்ப்பிணி மங்கை. ஏரியைச் சுற்றியுள்ள குன்றுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால், மல்லாந்து படுத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சியைப் போலத்தான் தெரியும்.

மம்பாங் சாரி என்ற தேவகன்னி அங்கே நீராட வருவாளாம். அவள்மேல் மையல் கொண்ட மாட் தேஜா, கடற்கன்னியின் கண்ணீரை முகத்தில் பூசிக்கொண்டு போய் அவள் மனத்தைக் கவர்ந்தான். பிறந்த பிள்ளை ஏழே நாளில் இறந்தது. அதை ஏரியில் விட்ட தாய், இந்தத் தண்ணீரைக் குடிப்பவள் வயிறு நிறையட்டும் என்று வாழ்த்திவிட்டு வானுலகம் போய்விட்டாள். பிள்ளை வெள்ளை முதலையாகி இன்னும் அங்கேயே இருக்கிறது என்பாரும் உண்டு. தான் இழந்ததைப் பிறருக்கு வரமாகத் தருகிற பெண், தோட்டத்து அம்மன் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்நியமானவள் அல்ல.

சுண்ணாம்புக்கல் குகையொன்றின் கூரை இடிந்து விழுந்து, பள்ளத்தில் மழைநீர் தேங்கியதால் உண்டான ஏரி என்கிறார்கள் நிலவியலாளர்கள். கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு கல் சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் குடிக்கிற தண்ணீர். கதை பிறக்க இது போதாதா?

சுமார் 4,590 மீட்டர் உயரத்தில், கயிலையடியில் இருக்கும் மானசரோவரும் இப்படித்தான். அது நன்னீர், பக்கத்திலேயே ராட்சச தாலம், உப்புக் கரிக்கும் ஏரி. நல்லது பிரம்மன் மனத்தில் உதித்தது, கரிப்பது ராவணன் தவம் செய்த இடம் என்று மக்கள் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். புத்தரின் தாய் மாயாதேவி நீராடியதும் மானசரோவரில்தான் என்பது பௌத்தர் நம்பிக்கை.

கயிலைக்குப் போகும் வழியில் தளர்ந்த அப்பர், திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சி காண மூழ்கியதும் அங்கேதான் என்று நம்மிடையே பலர் சொல்வார்கள். சேக்கிழார் சொல்வது வேறு. முனிவராக வந்த சிவன், கூடவே ஒரு குளத்தையும் கொண்டுவந்தாராம்! கயிலைக்குப் போக முடியாதவனுக்கு இதைவிட ஆறுதலான கதை இல்லை. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் அந்தக் கயிலைக் காட்சி விழாவாக நடக்கிறது.

கெடா ஏரிக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். குவாலா கெடாவில் ஃபெர்ரி ஏறிக் குவாவில் இறங்கி, அங்கிருந்து படகு பிடித்தால் போதும். படகு வாடகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஏரிக்குப் போகும் வழியில் குரங்குகள் அதிகம், கையில் சாப்பாட்டுப் பை வேண்டாம்.