பூட்டிய அறையும் திறந்த வழியும்

மாணவ மாணவியரே,

காலில் முள் தைத்தால் உடனே பிடுங்குகின்றோம். காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடுகின்றோம். உள்ளம் நோயுற்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கின்றோம். இது ஏன் என்னும் வினா எனக்கு என் வீட்டிலேயே எழுந்தது.

என் சிறிய தந்தையார் நன்கு படித்தவர். இருபத்திரண்டாம் வயதில், எவரோ தம்மைப் பழித்துப் பேசுவது காதில் விழுகிறது என்று சொல்லத் தொடங்கினார். உணவில் நஞ்சு கலந்திருப்பதாக ஐயுற்றார். ‘காற்றுச் சேட்டை’ என்றனர் ஊரார். வேப்பிலையும் உடுக்கையும் வந்தன, பயன் இல்லை. இறுதியில் கொல்லைப்புறத்து அறையில் வைத்துப் பூட்டினர். சன்னல் வழியே சோற்றுத் தட்டை நீட்டுவது சிறுவனாகிய என் வேலை. நான்கு ஆண்டுகள் நீட்டினேன்.

அவருக்கு வந்தது மனச்சிதைவு என்னும் நோய். இத்தகைய நோய்கள் ஏன் வருகின்றன? வயலை எண்ணிப் பாருங்கள். பயிர் கெடுவதற்கு விதை மட்டும் காரணமன்று. நிலமும் மழையும் வெயிலும் சேர்ந்தே காரணமாகின்றன. அதுபோலவே பரம்பரைக் கூறு ஒன்று. மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களின் மாறுபாடு ஒன்று. இளமையில் பட்ட துயரம், இழப்பு, போதைப்பொருள், உறக்கமின்மை முதலியன வேறு சில. ஒரே கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தும் மற்றவருக்கு வராமற்போவது உண்டு. ஆகவே பரம்பரையே விதி என்று அஞ்ச வேண்டுவதில்லை. நோயாளியின் பாவமோ பெற்றோரின் குற்றமோ இதற்குக் காரணம் அன்று.

இனி, மருத்துவத்தைப் பார்ப்போம். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்னும் உப்பு மிகை எழுச்சி நோயைத் தணிப்பதைக் கண்டு எழுதினார். 1952-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர்களான ழான் தெலேயும் பியேர் தெனிக்கரும் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளர்க்கு அளித்து, கொந்தளிப்பு அடங்குவதைக் கண்டனர். அதன்பின் பல்வகை மருந்துகள் வந்தன. மருந்து மட்டும் போதாது. நோயாளியோடு முறையாக உரையாடி, அவர் எண்ணப் போக்கைச் சீர்செய்யும் பேச்சு மருத்துவம் உண்டு. குடும்பத்தாரின் பரிவும், செய்வதற்கு ஒரு தொழிலும் வேண்டும். சில மருந்துகள் பயன்காட்ட வாரக்கணக்காகும். நலம் கண்டவுடன் தாமாகவே மருந்தை நிறுத்துவோர்க்கு நோய் மீள்வது மிகுதி.

மருத்துவத்தை நாடாமல் சங்கிலியை நாடினால் என்ன நேரும்? 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். நோய் அவர்களைக் கொல்லவில்லை என்பதை நீங்கள் மறத்தலாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்துள்ளது.

இதனை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. மனநோய்களுள் பெரும்பகுதி 25 வயதுக்குள்ளேயே, அதாவது உங்கள் பருவத்திலேயே, தலைகாட்டுகின்றன. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், உறக்கமும் உணவும் கெடுதல், நண்பரை விட்டு ஒதுங்குதல், காரணமற்ற ஐயம், ‘வாழ்வதில் பொருளில்லை’ என்னும் பேச்சு ஆகியவற்றை உங்களிடமோ தோழரிடமோ கண்டால் மறைக்காதீர்கள், நகையாடாதீர்கள். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். 2022-இல் மைய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவியின் எண் 14416.

என் சிறிய தந்தையாரின் அறைப் பூட்டைத் திறக்கச் செய்தவர், ஊருக்குப் புதிதாக வந்த மருத்துவர் ஒருவர். மருந்து தொடங்கிய மூன்றாம் திங்களில் அவர் எங்களோடு கூடத்தில் அமர்ந்து உண்டார். பின்னர் அரிசி ஆலை ஒன்றில் நெடுங்காலம் கணக்கு எழுதினார். ஒருநாள் என் தந்தையாரிடம், “அண்ணா, இந்த மருந்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் இருந்ததல்லவா?” என்று கேட்டார். தந்தையார் மறுமொழி கூறாது தலை குனிந்து நின்றதை நான் கண்டேன்.

அவ்வினா நாளை உங்களை நோக்கி எழாதிருக்கட்டும்.