ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள்: எப்படி?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 2018க்கு முந்திய மடிகணினிகள் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வீட்டில் இருக்கும் பழைய கணினியை அதற்காக ஒதுக்கிவிடக் கூடாது. பிள்ளைகளின் பாடமெல்லாம் அதில்தானே இருக்கிறது! விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தை நிறுவலாம்.

இரண்டுக்கும் இடம் பிரிக்க வட்டை யாரும் வெட்டுவதில்லை. தோட்டத்தை மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று கந்தோர்ப் பதிவேட்டில் பிரிப்பதுபோல, எந்த இடம் எதற்கு என்று வட்டின் தொடக்கத்திலுள்ள சிறு அட்டவணையில் எழுதப்படுகிறது. கணினியைப் போட்டதும் 'கிரப்' என்ற நிரல் எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும்.

முக்கிய ஆபத்து, லினக்ஸுக்கு இடம் ஒதுக்க விண்டோஸின் இடத்தைச் சுருக்கும்போதுதான். வட்டின் பின்பகுதியில் கிடக்கும் கோப்புகள் அப்போது முன்னே நகர்த்தப்படுகின்றன. நடுவில் கரண்ட் போனால் அவை சிதையலாம். அடைமழை நாளில் இதைத் தொடாதீர்கள். பற்றரி நிறைந்திருக்கட்டும், கோப்புகளுக்குப் பென்டிரைவில் ஒரு பிரதி இருக்கட்டும். விண்டோஸின் 'விரைவுத் தொடக்க' வசதியையும் நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அந்த நிலையில் லினக்ஸ் அதன் பகுதியில் எழுதினால் கோப்புகள் கெடலாம்.