காற்றைக் கணித்துக் கடல் கடக்கும் பருந்துகள்

மார்ச் மாதத்தில் ஒரு நாள். காலை மணி பத்தரை. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தின் அடியில் தொலைநோக்கிகளுடன் நிற்கும் சிலர், தென்மேற்கே கடலையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். கடலும் வானும் சேரும் இடத்தில் ஒரு கரும்புள்ளி தென்படுகிறது. அடுத்து ஐந்து, பிறகு இருபது. சிறிது நேரத்தில் அப்புள்ளிகளுக்குச் சிறகு முளைக்கிறது. தேன்பருந்துகள் சில, அலைகளுக்குச் சற்று மேலே, களைத்துப்போய்ச் சிறகடித்துக்கொண்டு கரையை நோக்கி வருகின்றன. குன்றை நெருங்கியதும் சிறகடிப்பு நின்றுவிடுகிறது. சிறகுகளை அகல விரித்தபடி வட்டமிட்டு, ஓர் அசைவும் இல்லாமல் மேலே மேலே ஏறுகின்றன. பத்து நிமிடத்தில் அவை மீண்டும் புள்ளிகளாகிவிடுகின்றன.

தஞ்சோங் துவான் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான நிலம். ஆனால், மஸ்ஜித் தானாவிலிருந்து கடற்கரைச் சாலையில் சென்று, லிங்கி ஆற்றைத் தாண்டி, நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்த பிறகே அங்குப் போய்ச் சேர முடியும். நாற்புறமும் கடலும் போர்ட்டிக்சன் வட்டாரமும் சூழ்ந்திருக்க, மலாக்காவின் இந்தச் சிறு துண்டு தனியே நிற்கிறது. போர்த்துகீசியர் இதனைப் ‘பிளவுபட்ட முனை’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1606ஆம் ஆண்டில் டச்சுக் கப்பல்களும் போர்த்துகீசியக் கப்பல்களும் இம்முனைக்கு அப்பால் போரிட்டன. இன்று நாம் காணும் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. மனிதர்கள் இந்த முனையைத் தேடி வந்ததற்குக் கடல்வழி காரணம். பருந்துகள் தேடி வருவதற்கோ காற்றே காரணம்.

தேன்பருந்து பெரிய பறவை. சிறகுகளை விரித்தால் ஒரு மீட்டருக்கும் அதிக நீளம் இருக்கும். தேனீ, குளவி ஆகியவற்றின் கூடுகளைப் பிய்த்து, உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்பதால் அதற்கு இப்பெயர். ஜப்பான், வடகிழக்குச் சீனா, சைபீரியா முதலிய இடங்களில் அது குஞ்சு பொரிக்கிறது. அங்கே குளிர் வந்தால் பூச்சிகள் கிடைக்கா. எனவே, செப்டம்பர் முதல் நவம்பர் வரை தெற்கே பறந்து, சுமத்ரா, ஜாவா போன்ற தீவுகளுக்குச் செல்கிறது. பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மீண்டும் வடக்கே திரும்புகிறது. சாம்பல்முகப் பருந்து, ஜப்பானிய வல்லூறு, சீன வல்லூறு ஆகியவையும் இதே வழியில் பயணம் செய்கின்றன.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைச் சிறகடித்தே கடப்பதென்றால் எந்தப் பருந்துக்கும் உடல் தாங்காது. சிறகடிப்பதற்குத் தேவைப்படும் ஆற்றல், சிறகை விரித்து மிதப்பதற்குத் தேவைப்படும் ஆற்றலைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே, பருந்து தன் பயணத்தின் பெரும்பகுதியைக் காற்றின் தோளில் ஏறியே கடக்கிறது.

அதற்கு உதவும் காற்று எது? வெயில் காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. முதலில் தரை சூடாகிறது. பிறகு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சூடாகிறது. சூடான காற்று விரிந்து இலேசாகி, பானைத் தண்ணீரின் அடியிலிருந்து குமிழி கிளம்புவதுபோல் மேலே எழுகிறது. இதனை எழுகாற்று எனலாம். எழுகாற்றின் நடுவே வட்டமிடும் பருந்து, காற்றோடு சேர்ந்து தானும் உயர்கிறது. உண்மையில் அது தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது இறங்கும் வேகத்தைவிடக் காற்று எழும் வேகம் அதிகம் என்பதால் மொத்தத்தில் மேலே போகிறது. போதிய உயரம் கிடைத்ததும் வட்டமிடுவதை விட்டுவிட்டு, போக வேண்டிய திசையில் சறுக்கிச் செல்கிறது. உயரம் குறைந்ததும் அடுத்த எழுகாற்றைத் தேடுகிறது.

இதனால் பருந்துக்கு வேலை நேரம் என்று ஒன்று ஏற்பட்டுவிடுகிறது. இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலையிலேயே நடந்துவிடும். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். பருந்தின் கதை இதற்கு நேர்மாறு. பால்வெட்டுத் தொழிலாளர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பும் வேளையில்தான் அதற்குப் பொழுது விடிகிறது. அதுவரை மரக்கிளையில் காத்திருக்கும். மழை விழுந்தால் மட்டும் இருவருக்கும் அன்று வேலை இல்லை.

மலேசியக் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று; ஒரு மணிக்குப் பிறகே. ஆகவே, காலை ஒன்பது மணி வெயில் நமக்குச் சுள்ளென்று பட்டாலும், தரை இன்னும் போதிய அளவு சூடேறியிருக்காது. முற்பகல் பத்து மணிக்குப் பிறகு எழுகாற்று வலுப்பெறுகிறது. நண்பகலைச் சுற்றியுள்ள சில மணி நேரமே பருந்துகளுக்குச் சிறந்த நேரம். மாலை நெருங்கும்போது தரை குளிரத் தொடங்க, காற்றும் அடங்குகிறது. அல்லது இடியுடன் கூடிய மழை வந்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது.

நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. இடமும் சரியாக அமைய வேண்டும். எல்லாத் தரையும் ஒரே அளவில் சூடாவதில்லை. தார்ச்சாலை, தகரக் கூரை, காய்ந்த செம்மண் ஆகியவை விரைவில் சூடாகும். ஈர நிலத்திலும் அடர்ந்த காட்டிலும் வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். கடலோ, பகல் முழுவதும் வெயில் பட்டாலும் அதிகம் சூடாவதில்லை. நீரிணையின் மேல் நம்பத்தக்க எழுகாற்று கிடைக்காததற்கு இதுவே காரணம். வெயிலை நம்பிப் பறக்கும் பறவைக்குக் கடல் ஒரு பாலைவனம்.

சுமத்ராவை ஒட்டியுள்ள ரூபாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் பருந்து எப்படிக் கடக்கிறது என்பதைச் சிறு கணக்கால் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் அது பத்து மீட்டர் முன்னே செல்லும் என்று வைத்துக்கொள்வோம். ரூபாட் தீவின் மேல் வட்டமிட்டு 1000 மீட்டர் உயரம் ஏறினால், சறுக்கியே 10 கிலோமீட்டர் வரலாம். மீதி 28 கிலோமீட்டர்? சிறகடித்துத்தான் வர வேண்டும். கரையை நெருங்கும் பருந்துகள் பல கடலை ஒட்டித் தாழ்வாக, களைப்போடு வருவதன் இரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இக்கணக்கைக் காற்று மாற்றிவிடும். பருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். பின்னாலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதே உயரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குப் பதில் 12.5 கிலோமீட்டர் சறுக்கலாம். எதிரிலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் 5 கிலோமீட்டர்தான். நடுக்கடலில் வலிமை தீர்ந்துபோனால் இறங்கி இளைப்பாற மரமில்லை. தேன்பருந்துக்கு நீந்தவும் தெரியாது. ஆகவே, எந்த நாளில் கிளம்புவது, எந்த முனையை நோக்கிப் பறப்பது என்பது அப்பறவைக்கு உயிர்ப் பிரச்சினை. மழையோ வலுத்த எதிர்க்காற்றோ இருக்கும் நாளில் கலங்கரை விளக்கத்தின் அடியில் காத்திருப்பவர்கள் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப நேரிடலாம். மறுநாள் வானம் தெளிந்தால் கூட்டம் கூட்டமாக வரும்.

தஞ்சோங் துவானை அவை ஏன் குறிவைக்கின்றன? 1000 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தொடுவானம் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். எனவே, தெளிந்த நாளில் ரூபாட் தீவின் மேலிருந்து பார்த்தால் இக்கரை தெரியும். கடலுக்குள் நீண்டிருக்கும் நிலம் இது என்பதால், கடந்து வர வேண்டிய நீர்ப்பரப்பும் குறைகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. பகலில் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்று, குன்றின் சரிவில் மோதி மேலே எழும்பும். வெயிலே தேவைப்படாத எழுகாற்று இது. களைத்து வரும் பருந்தைக் குன்று கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது என்றே சொல்லலாம். முடியாத பருந்துகள் அங்குள்ள சிறு காட்டின் மரங்களில் அமர்ந்து ஓய்வெடுக்கின்றன. சுற்றிலும் விடுதிகளும் சாலைகளும் பெருகிவிட்ட அந்தக் கடற்கரையில் அக்காடு எஞ்சியிருப்பது நம்முடைய நல்வினைதான்.

சரியான இடம் பருவத்தைப் பொறுத்து மாறவும் கூடும். ஜப்பானியத் தேன்பருந்துகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி, துணைக்கோளத்தின் வழி அவற்றின் பாதையை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். இலையுதிர்காலத்தில் அவை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் அகலமுள்ள கிழக்குச் சீனக் கடலைத் துணிந்து கடந்து சீனாவை அடைகின்றன. வசந்த காலத்தில் திரும்பும்போது அதே கடலைத் தொடுவதில்லை. சீனாவின் வடக்குப் பகுதி வரை சென்று, கொரியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு ஜப்பானுக்குள் நுழைகின்றன. இலையுதிர்காலத்தில் அக்கடலின் மேல் குளிர்ந்த காற்று வீசுகிறது. அப்போது நீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால், கடலின் மேலேயே எழுகாற்று உண்டாகிறது. காற்றின் திசையும் சாதகமாக அமைகிறது. வசந்த காலத்தில் அவ்விரு வசதியும் இல்லை. கடல் பாலைவனம் என்று சற்று முன் கூறியதற்கு இது ஒரு விதிவிலக்கு. பருந்து வரைபடத்தைப் பார்த்துப் பாதையைத் தேர்வதில்லை. வானிலையைப் பார்த்தே தேர்கிறது.

இயந்திரம் இல்லாத விமானமான கிளைடரில் பறப்பவர்களும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் நாரைகள் பறப்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1889இல் ஒரு நூல் வெளியிட்டார். எத்திசையிலிருந்து காற்று வீசினாலும் அதற்கு எதிராக ஓடிக் குதிக்க வேண்டும் என்பதற்காக, பெர்லினுக்கு அருகில் மண்ணைக் குவித்து வட்டமான குன்று ஒன்றையே அமைத்துக்கொண்டார். 1896இல் கிளைடரிலிருந்து விழுந்து அவர் உயிர் நீத்தார். அவருடைய எழுத்தால் ஊக்கம் பெற்ற ரைட் சகோதரர்கள், அமெரிக்க வானிலைத் துறைக்குக் கடிதம் எழுதி, எந்த ஊரில் காற்று எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்னும் விவரங்களைக் கேட்டுப் பெற்றனர். கிட்டி ஹாக் என்னும் கடற்கரை ஊரை 1900ஆம் ஆண்டில் அவர்கள் தேர்ந்தெடுத்தது அப்படித்தான். அங்கே இடைவிடாத காற்று இருந்தது. விழுந்தாலும் அடிபடாத மணலும் இருந்தது. 1911இல் அவ்வூரின் மணற்குன்றுகளின் மேல், எழும்பும் காற்றைப் பிடித்துக்கொண்டு ஓர்வில் ரைட் கிளைடரில் 9 நிமிடம் 45 விநாடி மிதந்தார். அந்த ஊரை வானிலை அட்டவணையைப் புரட்டிக் கண்டுபிடித்ததுதான் அவர்களின் முதல் வெற்றி என்பேன்.

இன்றைய கிளைடர்கள் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டரோ அதற்கு மேலோ முன்னே செல்லும். நம் கணக்கின்படி 1000 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கிளைடர் மலாக்கா நீரிணையைச் சறுக்கியே கடந்துவிடலாம். இரண்டு கிலோமீட்டர் மிச்சமும் இருக்கும். ஆயினும், அறிவுள்ள விமானி எவரும் அந்த இரண்டு கிலோமீட்டரை நம்பிக் கிளம்பமாட்டார். எதிர்க்காற்று சிறிது வீசினாலே அது கரைந்துவிடும். எந்த நொடியிலும் இறங்குவதற்கு ஒரு திடல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் மறவாத விதி.

அந்த விதியால்தான் வெயில் நிறைந்த நம் நாடு கிளைடருக்கு ஏற்ற நாடாகிவிடவில்லை. இங்குக் காற்றில் ஈரம் மிகுதி; மேகங்கள் தாழ்வாக உருவாகி, பிற்பகலில் மழையாகக் கொட்டிவிடும். கீழே பார்த்தால் காடும் செம்பனையும். இறங்கத் திடல் கிடைப்பது அரிது. ஆஸ்திரேலியாவின் உட்பகுதி, நமீபியா போன்ற வறண்ட நிலங்களில் எழுகாற்று இங்குள்ளதைவிட மிக உயரம் வரை செல்லும். ஐரோப்பியக் கிளைடர் விமானிகள் தங்கள் ஊரில் பனி கொட்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்குப் போய்ப் பறப்பதுண்டு. பருவம் பார்த்துத் தெற்கே போவதில் அவர்களும் ஒரு வகைத் தேன்பருந்துகளே.

எழுகாற்றைக் கண்ணால் காண முடியாது. அது இருக்கும் இடத்தை அறிய விமானிகள் அடையாளங்களைப் பார்க்கிறார்கள். நீல வானில் பஞ்சுப்பொதி போல, அடிப்பகுதி தட்டையாக, புதிதாகத் திரளும் மேகம் நல்ல அடையாளம். அதன் அடியில் காற்று எழுகிறது. மேகம் கறுத்துப் பெருத்துவிட்டால் விலகிவிட வேண்டும். மேகமே இல்லாத நாளில் அவர்கள் தேடுவது வட்டமிடும் பருந்தை. விமானத்தில் உள்ள கருவி எழுகாற்றைக் காட்டுவதற்கு முன்பே பருந்து அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் தஞ்சோங் துவானில் பருந்து காணும் நிகழ்ச்சியை நடத்தி வருகிறது. செப்டம்பரிலிருந்து தெற்கே போகும் பருந்துகள், கரையின் மேல் நன்கு உயரம் ஏறிய பிறகே கடலுக்குள் செல்வதால் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. வடக்கே திரும்புபவை கடலைக் கடந்து உயரம் இழந்து வருகின்றன. அதனால்தான் நிகழ்ச்சி மார்ச் மாதத்தை ஒட்டி அமைகிறது. நீங்களும் போக விரும்பினால், முதல் நாள் மழை பெய்து மறுநாள் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, பத்து மணிக்குள் குன்றின் மேல் இருங்கள். தொப்பியும் குடிநீரும் தேவை. காட்டுக்குள் கூச்சலிடுவதைத் தவிருங்கள். கிளையில் அமர்ந்திருக்கும் பருந்து, முந்திய மணி நேரத்தில்தான் நீரிணையைக் கடந்து வந்திருக்கலாம். வானத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். முதலில் தொடுவானத்துக்குச் சற்று மேலே, அலைகளை ஒட்டிப் பாருங்கள். அவை அங்கிருந்துதான் வரும்.