நகரம் எதனால் அளக்கப்படுகின்றது?

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதி குண்டசாலை, திகண, தெல்தெனிய ஆகியவற்றைக் கடந்து ஹுன்னஸ்கிரியவை அடைகின்றது. திகணவின் கடைவரிசைகளைக் காண்போர் அதனை நகரமென்றே கருதுவர். ஆயினும், பிரதேச சபைப் பகுதியாதலின் புள்ளிவிபரங்களில் அது கிராமமாகும். இம்முரண்பாட்டின் காரணத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குட்பட்ட பகுதிகளே நகரங்களாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளன. முன்னர் பட்டின சபைப் பகுதிகளும் அவ்வாறே கணிக்கப்பட்டன; 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் பின்னர் அவை கிராமங்களாயின. 1981 இல் 21.5 சதவீதமாயிருந்த நகரக் குடித்தொகை 2012 இல் 18.2 சதவீதமாகக் குறைந்தமைக்கு இம்மாற்றமே முக்கிய காரணம். மக்கள் நகரைவிட்டு அகலவில்லை, அளவுகோலே மாறிற்று.

இந்தியாவிலோ, நகர நிர்வாகம் இல்லாத ஊரும் நகரமாகக் கணிக்கப்படலாம். 5,000 மக்கள், சதுர கிலோமீற்றருக்கு 400 பேர் என்னும் அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளருள் 75 சதவீதத்தினர் வேளாண்மை சாராத்தொழிலில் ஈடுபடல் ஆகியன அதற்குரிய நிபந்தனைகள். எனவே 2011 இல் இந்தியா பெற்ற 31.2 சதவீதத்தை நமது 18.2 உடன் நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. இக்குறையை நீக்கவே, நிர்வாக எல்லையை விடுத்துக் குடியடர்த்தியை அடிப்படையாகக் கொண்ட பொதுமுறையொன்றை ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழு 2020 இல் ஏற்றுக்கொண்டது.

எனினும் அடர்த்தி மட்டும் வளர்ச்சியாகிவிடாது. ஓரிடம் சுற்றுப்புறத்துக்கு ஆற்றும் சேவையே அதன் தகுதியென 1933 இல் ஜேர்மன் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் காட்டினார். அதனை அளக்கத் தொலைபேசிகளை எண்ணினார். ஹுன்னஸ்கிரிய சிற்றூரே. ஆயினும் மீமுரை முதலிய நக்கிள்ஸ் மலைக் கிராமங்களுக்கான பாதை அங்கிருந்தே பிரிகின்றது. அக்கிராமத்தவருக்கு அச்சந்தி ஆற்றும் பணியைச் சபை எல்லையும் காட்டாது, அடர்த்தியும் காட்டாது.

வகைப்பாடு வெறும் சொல்லன்று என்பதற்கு மலையகமே சான்று. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் பத்துக்குக் குறையாத வதியும் தொழிலாளரும் உள்ள தோட்டங்கள் நகரமுமன்றிக் கிராமமுமன்றித் தனித்துறையாகக் கணிக்கப்படுகின்றன. அவற்றுள் வாழ்ந்தோர் வாக்காளராயிருந்தும், பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவையாற்றச் சட்டம் தடையாயிருந்தது. 2018 ஆம் ஆண்டின் திருத்தமே அதற்கு வழி திறந்தது.

ஆகவே நகர வளர்ச்சியை ஒப்பிடுவோர் பெயரையும் எல்லையையும் எண்ணுவதோடு அமையாது, குடிநீர், போக்குவரத்து, மருத்துவம், கழிவகற்றல் ஆகியன யாரைச் சென்றடைகின்றன என்பதையும் அளத்தல் வேண்டும். கணக்கில் இடம்பெறாத தேவைக்கு வரவுசெலவுத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை.