குத்துவது ஒரு நொடி, ஆறுவது ஓராண்டு

தோல் சொல்லும் கதை – 14

சென்ற வாரம் காது மடலைப் பார்த்தோம். குத்திய 6 முதல் 8 வாரங்களில் அது ஆறிவிடும். இந்த வாரம் தொப்புள். இதற்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றால் பலரும் நம்புவதில்லை. இரண்டாவது மாதமே வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தெரிவதுதான் காரணம். வேறு வளையம் மாற்றலாம், நீச்சல் குளத்தில் இறங்கலாம் என்ற துணிச்சல் அப்போதுதான் வரும். புண் கிளறிக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதுதான்.

1993-ல் வெளியான ஏரோஸ்மித் குழுவின் ‘கிரையிங்’ பாடல் வீடியோவில், அலிசியா சில்வர்ஸ்டோன் தொப்புள் குத்திக்கொள்வதாக ஒரு காட்சி உண்டு. அமெரிக்க இளம்பெண்களிடம் அது கிளப்பிவிட்ட மோகம் இன்று நம்மூர்க் கல்லூரி மாணவிகள்வரை வந்திருக்கிறது. காது குத்து என்றால் தாய்மாமன் மடி, பந்தல், விருந்து. புண்ணைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பாட்டி. தொப்புள் குத்துவதோ பல நேரம் வீட்டுக்கே தெரியாது. பக்குவம் சொல்லவும் ஆள் இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம்?

ஊசி ஏறுவது தொப்புளின் மேல் விளிம்பில் உள்ள தோல் மடிப்பில். மேலே ஒரு வாய், மடிப்புக்குள் ஒரு வாய், நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வழி. மலையைக் குடைபவர்கள் இருபுறமிருந்தும் வந்து நடுவில் சந்திப்பதுபோல, புதிய தோல் இரு வாய்களிலிருந்தும் உள்நோக்கி வளர வேண்டும். வாய் ஆறிய பிறகும் நடுப்பகுதி பச்சைப் புண்ணாகவே இருக்கும்.

இடமும் தோதானதல்ல. குனிந்தால் மடியும், உட்கார்ந்தால் நசுங்கும். ஜீன்ஸ் பட்டை, பாவாடை நாடா, சேலைக் கொசுவம் எல்லாம் வந்து உரசுவது அங்கேதான். வியர்வையும் தேங்கும். அமெரிக்காவில் 60 பேரின் தொப்புளிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள்: 2,368 வகை பாக்டீரியாக்கள்! பெரும்பாலானவை சாதுவானவைதான். ஆனாலும் திறந்த புண்ணுக்கு இது சுத்தமான அக்கம்பக்கம் இல்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்துக்கடையில் ‘நார்மல் சலைன்’ என்று கேட்டால் 0.9 சதவீத உப்புக் கரைசல் கிடைக்கும். சிறிய பாட்டிலாக வாங்குங்கள். திறந்த பாட்டிலை நாள்கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது. உப்பை வீட்டில் கரைத்தால் அளவு கூடிவிடும், புண் வறண்டு எரியும். கரைசலில் காஸ் துணியை நனைத்து இரு வாய்களிலும் சில நிமிடம் வைத்திருங்கள். கம்பியில் வெளிர் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் பொருக்கு சீழ் அல்ல. புண்ணில் கசியும் நிணநீர் உலர்ந்தது. ஊறியதும் தானாக வழுக்கி வரும், நகத்தால் சுரண்ட வேண்டாம். பிறகு டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். துண்டின் நூல் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

கம்பியைத் திருகி விடுவது பழைய வழக்கம். திருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே வளரும் இளந்தோல் கிழிகிறது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் காது குத்துக்குக் கைகண்ட வைத்தியம் என்பார்கள். இங்கே எண்ணெய்ப் பசை துளையை அடைத்துவிடும், அரைத்த மஞ்சள் கிருமி நீக்கியதும் அல்ல. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் மூன்றும் கிருமியோடு சேர்த்துப் புதிய செல்களையும் பொசுக்கும். குளம், ஆறு, கடல் குளியலைத் தள்ளிப்போடுங்கள். குப்புறப் படுக்காதீர்கள்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. வீக்கத்துக்கு இடம்விட்டு முதலில் சற்று நீளமான கம்பியைப் போடுவார்கள். வீக்கம் வடிந்ததும் குத்தியவரிடமே போய் அளவான கம்பிக்கு மாறிவிடுங்கள். நீளக் கம்பி துணியில் மாட்டி இழுக்கும். உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியம்தான் பாதுகாப்பானது. கவரிங்கில் நிக்கல் இருக்கலாம், அது அரிப்பைக் கிளப்பும். நம்மூர் 22 கேரட் தங்கம்கூட முதல் நகைக்கு ஆகாது. அது மென்மையானது, எளிதில் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும்.

எப்போது மருத்துவர்?

முதல் சில வாரங்களில் லேசான சிவப்பும் வலியும் இயல்பு. சிவப்பு படர்ந்துகொண்டே போனாலும், தொட்டால் சுட்டாலும், நாற்றமுள்ள கெட்டியான சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். பயந்துபோய் நீங்களே கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிக் கட்டியாகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு.

சீழே இல்லாமல் தோல் மெலிந்து, கம்பி உள்ளே இருப்பது வெளியே தெரியத் தொடங்கினால் கதை வேறு. உடல் கம்பியை அந்நியப் பொருளாக எண்ணி மெல்ல வெளியே தள்ளுகிறது. வீம்புக்கு வைத்திருந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வரும், நீளத் தழும்பும் மிஞ்சும். அப்போது குத்தியவரிடம் போய்க் கழற்றிவிடுவதே நல்லது.

குத்திக்கொள்ளும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் யாருக்காவது பழைய காயம் தடித்து, காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்திருக்கிறதா? ஆம் என்றால் ஊசிக்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். அந்தத் தடிப்புக்குப் பெயர் கீலாய்டு.

(அடுத்த வாரம்: கீலாய்டு – வளர்வதை நிறுத்தாத தழும்பு)