கடவுச்சீட்டும் ழகரமும்

'கடவு' என்பது வழியைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல். நம் நாட்டிலே புகையிரதப் பாதையைக் குறுக்கே கடக்கும் இடத்தைக் 'கடவை' என்கிறோம். அவ்வேரிலிருந்து பிறந்ததே 'கடவுச்சீட்டு'. 'பாஸ்போட்' என்று பேச்சிலே வழங்குவோரும், எழுதும்போது இச்சொல்லையே எழுதுகின்றனர். இத்துணை அழகிய பெயர் பூண்ட அச்சிறு புத்தகம், உள்ளே நம் பெயர்களைப் படுத்தும் பாடு பெரிது. ஐம்பது வயதைக் கடந்தபின் முதன்முறையாக அதற்கு விண்ணப்பிக்கச் சென்ற நான் இதனை நேரிற் கண்டேன்.

துறைமுகப் பட்டினமாகிய திருகோணமலையில் வாழும் ஒருவனுக்கு இதுகாறும் கடவுச்சீட்டு இல்லையா என்று வியப்பவர் உண்டு. கப்பலைப் பார்ப்பது வேறு, கப்பலேறுவது வேறு. மேலும், நம் பாட்டனார் காலத்திலே தலைமன்னாரிற் கப்பலேறித் தனுக்கோடியில் இறங்குவதற்கு இத்தகைய சீட்டு வேண்டியிருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தபின்னரே நிலைமை மாறியது. இவ்வூரிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னைக்குச் சென்று மாநிலக் கல்லூரியிற் பயின்றார். அங்கேயே கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற் பணிபுரிந்தார். 1895 இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலையும் வெளியிட்டார். அக்காலத்திலே அவரை வழிமறித்துப் 'பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன' என்று கேட்பார் இருந்திலர். அவர் பணிசெய்த சுவடி நூலகத்தை ஒருமுறை காணவேண்டும் என்னும் ஆசையே என்னை விண்ணப்பப் படிவத்திடம் கொண்டுசென்றது.

2023 ஜூன் மாதத்திலே, இணையவழியாக விண்ணப்பித்துப் பிரதேச செயலகங்கள் சிலவற்றில் விரலடையாளம் கொடுக்கும் வழியும் திறக்கப்பட்டது. எனினும், பெயர்பற்றி ஐயமுடையவன் அலுவலரை நேரிற் காண்பதே தக்கது என்று கருதி, வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்துக்குச் சென்றேன். விடியுமுன் பேருந்தேறி, ஹொரவப்பொத்தானை வழியாகப் பயணம். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியும் அடையாள அட்டையும் கையிலிருந்தன. புகைப்படத்தை அங்கீகாரம் பெற்ற படப்பிடிப்பு நிலையத்தார் தாமே இணையவழி அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டுத் தருவர். அந்தப் படத்திலே சிரிக்கலாகாது. வகுப்பறையிலே முப்பது ஆண்டு பழகிய முகத்துக்கு அது கடினமன்று.

கே 35 ஏ என்னும் படிவத்தை விரித்தாற் பெயருக்கு இரண்டு கூடுகள். ஒன்று 'குடும்பப் பெயர்'. மற்றையது 'ஏனைய பெயர்கள்'. தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? கந்தையா மகன் சிவநாதன் என்றொருவர் இருப்பின், கந்தையா என்பது அவருடைய தந்தையார் பெயர்; குடும்பத்தின் பெயரன்று. ஆயினும் கூடு வெறுமையாக இருத்தலாகாதென்று அங்கே கந்தையாவை இருத்துகிறோம். வெளிநாட்டு விமான நிலையத்திலே 'கந்தையா' என்று கூவி அழைப்பர். சிவநாதன் திரும்பிப் பாரார். அவர் மகனுக்குக் குடும்பப் பெயர் சிவநாதன். ஆகவே பாட்டன், தந்தை, பேரன் மூவரும் ஒரு வீட்டில் இருந்தும் மூன்று குடும்பத்தவராகத் தோன்றுவர். விசா வழங்கும் அலுவலருக்கு இதனை விளக்க முயன்றவர்கள் அதன் துன்பத்தை அறிவர்.

சங்கப் புலவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனாரை நினைத்துக்கொண்டேன். ஊர், தந்தை, மகன்முறை, இயற்பெயர் எல்லாம் ஒரே தொடரில் அமைந்த பெயர் அது. எது எவருடைய பெயர் என்பதில் எள்ளளவும் மயக்கமில்லை. அவர் இப்படிவத்தை நிரப்பியிருந்தால் 'திரு. கணக்காயனார்' என்றே அழைக்கப்பட்டிருப்பார். நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாதவர் என்று கதை கூறும் அப்புலவர் இதற்கு என்ன செய்திருப்பாரோ அறியேன்.

அடுத்தது ழகரம். என் பெயரின் நடுவே அவ்வெழுத்து இருக்கிறது. இலங்கையில் அதனை ஆங்கிலத்தில் 'எல்' என்று எழுதுவது பெருவழக்கு. தமிழகத்தாரோ 'இசட் எச்' என்று எழுதுவர். என் அடையாள அட்டையில் 'எல்'. சென்னையிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தில் 'இசட் எச்'. கடவுச்சீட்டின் பெயர்ப்பக்கத்து அடியிலே, பொறி படிப்பதற்கென்று வரிக்கு 44 இடங்களாக இரண்டு வரிகள் உள்ளன. உலகெங்கும் அவ்விடத்தில் உரோம எழுத்தும் எண்ணும் ஒரு நிரப்புக்குறியுமே செல்லும். அப்பொறிக்கு வாழையும் வாளையும் ஒன்று. அலுவலர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, அடையாள அட்டையில் உள்ளபடியே போகட்டும், அழைப்புக் கடிதத்தை அவர்களிடம் மாற்றிக் கேளுங்கள்" என்றார். நியாயமான விடை. எழுத்துக்குக் கடிதத்தை மாற்றலாம்; ஆவணங்களை ஒவ்வொன்றாக மாற்றப் புகுந்தால் ஆயுள் போதாது.

எனக்கு இது சொல்லாராய்ச்சி. அருகிலிருந்த பெண்மணிக்கோ அவ்வாறன்று. 1990 இல் அவருடைய பெற்றோர் திருகோணமலையிலிருந்து பெயர்ந்து, மன்னாரிற் படகேறித் தமிழகம் சேர்ந்தவர்கள். மண்டபம் முகாமிலே பிறந்தவர் அவர். தமிழகத்துப் பிறப்புச் சான்றிதழில் தந்தையார் பெயர் வெறும் முதலெழுத்தாக நிற்கிறது. இங்கே பெற்ற அடையாள அட்டையில் முழுமையாக இருக்கிறது. அவருடைய பெயரின் எழுத்துக்கூட்டும் இரண்டிலும் வேறு. இருவரும் ஒருவரே என்பதற்குச் சத்தியக் கடதாசி ஒன்றும், குடியுரிமைச் சான்றிதழ் ஒன்றும் மடியில் வைத்திருந்தார்.

"எங்கே போகிறீர்கள், பிள்ளை?" என்று கேட்டேன்.

"அம்மா இன்னும் அங்கதான், சேர். நடக்கமாட்டா. போய்ப் பார்க்கவேணும்."

தாயார் சீட்டின்றிக் கடந்த அதே கடலை மகள் சீட்டோடு கடக்க வேண்டியிருக்கிறது. முதலெழுத்துக்கும் முழுப்பெயருக்கும் உள்ள வேறுபாட்டால் அப்பயணம் இரண்டாண்டு தள்ளிப்போயிற்று என்றார். அவருடைய கோவையை அலுவலர் வாங்கிப் புரட்டினார். விரலடையாளம் எடுக்கும் அறைக்குச் செல்லச் சொன்னார். அவர் எழுந்து சென்றபோது நாற்காலியில் மறந்துவிட்ட சத்தியக் கடதாசியை நான் எடுத்துச்சென்று கொடுத்தேன்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பாடசாலைப் பதிவேட்டிலே பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் முதன்முதல் எழுதுபவர் பெரும்பாலும் நாமே. பிறப்புச் சான்றிதழை அருகில் வைத்து, தந்தையார் பெயரை முழுமையாக எழுதி, பெற்றோரிடம் கேட்டு எழுத்துக்கூட்டை உறுதிசெய்க. அதே கூட்டே பரீட்சைச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் செல்லவேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவைக்க.

என் கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது. ழகரம் 'எல்' ஆகவே இருக்கிறது. சென்னையாரும் கடிதத்தைத் திருத்தி அனுப்பிவிட்டனர். அரசாங்க ஆசிரியன் நாட்டைவிட்டு வெளியேற நிரப்பவேண்டிய பொது 126 படிவம் மட்டும் இன்னும் மேசைமேல் இருக்கிறது. அதிலே குடும்பப் பெயர் கேட்கப்படவில்லை. திரும்பிவரும் தேதியைத்தான் கேட்கிறார்கள்.