வண்டியை நிறுத்தும் வகை

தெருவிலே பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தையொன்று ஓடி வருகிறது. காரோட்டி பிரேக்கை மிதிக்கிறார், வண்டி நின்றுவிடுகிறது. மிதித்ததற்கும் நின்றதற்கும் இடையே நிகழ்வது யாது? அதனை அறிதல், வண்டி ஓட்டுவோர்க்கு மட்டுமன்றித் தெருவில் நடக்கும் நம் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் குறையாது பரவும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. அதுவே கார் பிரேக்கின் அடிப்படை. மிதியின் அழுத்தம் பிரேக் ஆயிலின் வழியே நான்கு சக்கரங்களையும் சென்றடைகிறது. அங்கே டிஸ்க்கையோ டிரம்மையோ பிரேக் கட்டைகள் அழுத்துகின்றன. ஓட்டத்தின் ஆற்றல் உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. ஒரு குழாய் பழுதுற்றாலும் முழுவதும் செயலற்றுப் போகாதிருக்க, இக்காலக் கார்களில் இரு தனித்தனிக் குழாய்வழிகள் உள்ளன.

வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரமும் இரட்டிக்கும் என்று எண்ணுதல் பிழை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 10 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும் எனக் கொள்வோம். அதற்குள் 10 மீட்டர் கழிந்துவிடும். பிறகு நிற்பதற்கு, நல்ல சாலையில், மேலும் 10 மீட்டர் வேண்டும் என்போம். ஆக 20 மீட்டர். வேகம் 72 ஆனால் முதற்பகுதி 20 மீட்டர். பிற்பகுதியோ நான்கு மடங்காகி 40 மீட்டர். ஆக 60 மீட்டர். குழந்தை நிற்பது முப்பதாவது மீட்டரில் என்றால்?

விரைந்து நிற்பது மட்டும் போதாது. வண்டி நம் வசத்திலும் இருத்தல் வேண்டும். சக்கரம் உருளும் வரையில்தான் வண்டி ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படும். சுழற்சி நின்று சக்கரம் சறுக்கினால், எப்பக்கம் திருப்பினும் வண்டி நேரே செல்லும். இதனைத் தடுக்க வந்ததே ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு. சக்கரம் நிற்கப் போவதை உணர்ந்து, விநாடிக்குப் பல முறை அழுத்தத்தைத் தளர்த்தி இறுக்குகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் புதுக் கார்களில் இது கட்டாயமாயிற்று. அவசரத்தில் மிதி அதிர்ந்தால் அஞ்சிக் காலை எடுத்துவிடலாகாது. அழுத்தமாக மிதித்தபடியே விலகிச் செல்லலாம்.

மலைச் சரிவில் ஓயாது பிரேக்கை மிதித்தால் வெப்பம் மிகுந்து பிடிப்புக் குறையும். கீழ் கியரில் இறங்குவதே முறை. பிரேக் ஆயில் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும். சூடேறினால் அவ்வீரம் ஆவியாகி மிதி தளர்ந்துபோகும். எனவே காலந்தவறாது மாற்றுக.

எத்துணைச் சிறந்த கருவியாயினும், தேய்ந்த டயருக்கும் மிஞ்சிய வேகத்திற்கும் ஈடு செய்ய இயலாது. முதல் பிரேக், ஓட்டுவோரின் நிதானமே.